தாம்பரத்திற்குத் தெற்கே ஒரு தொழில் வரலாறு

நுழையும்முன்

பயிர் விளைய மண்ணும் மழையும் வேண்டும். தொழில் வளர முதலும் உழைப்பும் மூலப்பொருளும் வேண்டும். இவற்றோடு அரசின் கொள்கையும் சேர்ந்தே ஒரு தொழில் எங்கே தோன்றும், எவ்வளவு வளரும், எப்போது தளரும் என்பதை முடிவு செய்கிறது. இதற்கு இந்திய மகிழுந்துத் தொழில் நல்லதொரு சான்று. அத்தொழிலின் 70 ஆண்டுக் கால வரலாற்றைத் தாம்பரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஒரே சாலையில் படித்துவிடலாம். அந்த வரலாற்றையும் அது எழுப்பும் வினாக்களையும் விளக்குவது இப்பாடம்.

ஒரு சாலையும் இரு தொழிற்சாலைகளும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அதன் பின்னர்த் தாம்பரம் சென்னையின் தெற்கு வாயிலாயிற்று. அதைக் கடந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. வண்டலூர் என்றதும் இன்று பலருக்கும் உயிரியல் பூங்காதான் நினைவுக்கு வரும். அப்பூங்கா அமைவதற்கு ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூர் மகிழுந்துகளால் அறியப்பட்டிருந்தது. ஸ்டாண்டர்டு மகிழுந்துகள் அங்கேதான் உருவாயின.

தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மறைமலை நகர். அங்கு 1990களின் இறுதியில் ஃபோர்டு நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. வண்டலூர்த் தொழிற்சாலை 1980களின் இறுதியில் ஓய்ந்தது. மறைமலை நகர்த் தொழிற்சாலையில் 2022ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. முன்னது அரசின் பாதுகாப்பில் பிறந்தது. பின்னது அரசு திறந்துவிட்ட சந்தையில் பிறந்தது. பிறப்பில் வேறுபட்ட இரண்டும் இறுதியில் ஒரே நிலையை அடைந்தன. அப்படியிருந்தும் அதே பகுதியில் மகிழுந்துத் தொழில் அழியவில்லை, பன்மடங்கு பெருகியது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளக் கொள்கையின் வரலாற்றை அறிய வேண்டும்.

தொகுப்பதும் படைப்பதும்

விடுதலைக்கு முன்னர் இந்தியச் சாலைகளில் ஓடிய மகிழுந்துகள் வெளிநாட்டவை. முழு வண்டியாகக் கப்பலில் வந்தவை சில; பாகங்களாகப் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்பட்டவை பல. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் மும்பையில் தொகுப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. ஃபோர்டு நிறுவனமும் 1920களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. இந்நிலையங்களில் இந்தியத் தொழிலாளர்கள் மறைகளை முடுக்கினார்கள். ஆனால் வார்ப்பும் கடைசலும் வடிவமைப்பும் கடல்கடந்த நாடுகளிலேயே நிகழ்ந்தன. தொகுப்பது வேறு, படைப்பது வேறு என்னும் உண்மை அப்போதே சிலருக்குப் புலப்பட்டது. வால்சந்த் ஹீராசந்த், பிர்லா முதலிய தொழிலதிபர்கள் உள்நாட்டில் மகிழுந்து படைக்க முனைந்தார்கள். அதன் விளைவாக 1942இல் இந்துஸ்தான் மோட்டார்ஸும் 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் தோன்றின.

சென்னையும் பின்தங்கவில்லை. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பெற்று, ஆஸ்டின் மகிழுந்துகளைத் தொகுத்தது. பின்னாளில் சரக்குந்துகளுக்கும் பேருந்துகளுக்கும் பெயர்பெற்ற அசோக் லேலண்டாக அது மாறியது. அதே 1948இல் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனியும் கூட்டாக ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் முதல் வண்டியாகிய வான்கார்டு, வண்டலூரில் தொகுக்கப்பட்டது.

இத்தருணத்தில் நடுவண் அரசு ஒரு முக்கிய முடிவை எடுத்தது. சுங்கவரி ஆணையம் 1953இல் அளித்த பரிந்துரையை ஏற்று, உதிரிபாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் உடைய நிறுவனங்கள் மட்டும் தொழிலில் நீடிக்கலாம் என அறிவித்தது. வெறுமனே தொகுத்து விற்போர் வெளியேற வேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டு நீங்கின. ஃபோர்டின் முதல் வெளியேற்றம் இது. அன்று அந்நிறுவனத்தை வெளியே அனுப்பியது அரசின் கொள்கை.

இதைப் போன்ற முடிவை ஜப்பான் முன்னரே எடுத்திருந்தது. அந்நாட்டில் 1936இல் இயற்றப்பட்ட சட்டம் அமெரிக்க நிறுவனங்களை ஒதுக்கி, உள்நாட்டு நிறுவனங்களுக்கு இடமளித்தது. முளைக்கும் பயிருக்கு வேலி வேண்டும் என்பது இக்கொள்கையின் அடிப்படை. வேலி இட்டதில் பிழை இல்லை. வேலிக்குள் பயிர் எப்படி வளர்க்கப்பட்டது என்பதுதான் வினா.

உரிமமும் காத்திருப்பும்

தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. இதன்படி, ஒரு தொழிற்சாலையைத் தொடங்கவும் உற்பத்தித் திறனைப் பெருக்கவும் புதிய பொருளைச் செய்யவும் அரசின் உரிமம் தேவைப்பட்டது. நாட்டின் அந்நியச் செலாவணி குறைவு. எஃகும் பெட்ரோலியமும் அருமையானவை. அவற்றை அணைக்கும் பாசனத்திற்கும் பேருந்துக்கும் சரக்குந்துக்கும் முதலில் ஒதுக்க வேண்டும் என்று திட்டமிடுவோர் எண்ணினர். மகிழுந்து ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்டது. ஆகவே அதன் உற்பத்தி அளவு கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு காலகட்டத்தில் அதன் விலையையும் அரசே வரையறுத்தது.

இந்தச் சிந்தனையில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் விளைவுகள் எதிர்பாராதவை. சந்தை மூன்று நிறுவனங்களுக்குள் அடங்கிப்போயிற்று: அம்பாசிடரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஃபியட் வகையைச் செய்த பிரீமியர், ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு. வாங்குவோர் பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். செய்த வண்டியெல்லாம் விற்றுப்போகும் என்ற நிலையில், அதைச் செம்மைப்படுத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. உற்பத்தி சிறிதாக இருந்ததால் ஒவ்வொரு வண்டிக்கும் ஆகும் செலவு கூடியது. செலவு கூடியதால் வாங்குவோர் குறைந்தனர். வாங்குவோர் குறைந்ததால் உற்பத்தி சிறிதாகவே நீடித்தது. இச்சுழலிலிருந்து விடுபட, எளிய மக்கள் வாங்கத்தக்க சிறிய மகிழுந்து ஒன்றைச் செய்யலாம் என 1960 அளவில் எல்.கே. ஜா தலைமையிலான குழு கருத்துரைத்தது. அக்கருத்து நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

வண்டலூரின் ஏற்றமும் இறக்கமும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961இல் வெளிவந்தது. முதலில் இரு கதவுகளுடன் வந்த அவ்வண்டி, இந்தியக் குடும்பங்களின் தேவைக்கேற்பப் பின்னர் நான்கு கதவுகளுடன் இங்கேயே மாற்றியமைக்கப்பட்டது. அதன் பாகங்களில் பெரும்பாலானவை உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. பிரிட்டனில் ஹெரால்டு நின்றுபோன பின்னர், அதன் அடித்தளத்தின் மீது 1972இல் கெசல் என்னும் வண்டியை இந்நிறுவனம் வெளியிட்டது. அன்றைய நிலையில் இது சிறிய செயல் அன்று. வார்ப்படமும் கடைசலும் தகட்டு வேலையும் பற்றவைப்பும் அறிந்த ஒரு தொழிலாளர் தலைமுறை வண்டலூரைச் சுற்றி உருவாயிற்று.

ஆயினும் புதிய எஞ்சின், புதிய வடிவம் ஆகியவற்றிற்கான முதலீடு தொடர்ந்து வரவில்லை. 1970களின் பிற்பகுதியில் மகிழுந்து உற்பத்தி நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய மகிழுந்துடன் நிறுவனம் மீண்டும் களமிறங்கியது. அதன் உடல் அமைப்பு பிரிட்டனின் ரோவர் வண்டியைத் தழுவியது. அதன் எஞ்சினோ பழைய வான்கார்டு மரபில் வந்தது. புதிய உடலுக்குள் பழைய இதயம். எரிபொருளை மிகுதியாகக் குடித்த, விலை கூடிய அவ்வண்டியால், அதே காலத்தில் வடக்கே தோன்றியிருந்த சிறிய மகிழுந்தின் முன் நிற்க இயலவில்லை. 1980களின் இறுதியில் தொழிற்சாலை ஓய்ந்தது. ஒரு காலத்தில் பெருங்களத்தூரில் அந்நிறுவனம் வைத்திருந்த நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுக்ககங்களும் நிற்கின்றன.

மாருதி காட்டிய வழி

வடக்கே தோன்றிய அந்தச் சிறிய மகிழுந்து மாருதி 800. நடுவண் அரசு 1981இல் மாருதி உத்யோக் நிறுவனத்தை ஏற்படுத்தி, 1982இல் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம் செய்தது. 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது. தொடக்கத்தில் பெரும்பாலான பாகங்கள் ஜப்பானிலிருந்தே வந்தன. ஆண்டுதோறும் உள்நாட்டுப் பாகங்களின் பங்கு கூடிக்கொண்டே செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அதை நிறைவேற்ற வேண்டுமானால், இந்திய உதிரிபாக நிறுவனங்கள் ஜப்பானியத் தரத்தை எட்ட வேண்டும். எனவே மாருதியும் சுசுகியும் உதிரிபாக நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பமும் பயிற்சியும் கிடைக்க வழிசெய்தன.

இங்கும் அரசு பாதுகாப்பு அளித்தது. ஆனால் பாதுகாப்போடு இலக்கும் இருந்தது; இலக்கோடு காலக்கெடுவும் இருந்தது. 1950களின் கொள்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அரசு தன் பங்குகளைப் படிப்படியாக விற்று, 2007இல் அந்நிறுவனத்திலிருந்து முழுமையாக விலகியது. நாற்றங்காலில் விதைத்தவர் யார், கதிர் அறுத்தவர் யார் என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆயினும் நாடெங்கும் தரமான உதிரிபாகத் தொழில் வேரூன்ற இம்முயற்சி துணைநின்றது என்பதில் ஐயமில்லை.

திறந்த வாயிலும் மாநிலங்களின் போட்டியும்

1991 ஜூலையில் அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கை பல தொழில்களுக்கு உரிம முறையை நீக்கியது. மகிழுந்துத் தொழிலுக்கு 1993இல் உரிமம் நீங்கியது. உலக நிறுவனங்கள் வரத் தொடங்கின. அவற்றிற்கும் சில நிபந்தனைகள் இருந்தன. மூன்றாம் ஆண்டில் 50 விழுக்காடும் ஐந்தாம் ஆண்டில் 70 விழுக்காடும் உள்நாட்டுப் பாகங்கள் இருக்க வேண்டும்; இறக்குமதிக்கு ஈடாக ஏற்றுமதி செய்ய வேண்டும் என 1997ஆம் ஆண்டுக் கொள்கை கூறியது. இந்நிபந்தனைகளை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உலக வணிக அமைப்பில் வழக்காடி வென்றன. நிபந்தனைகள் நீங்கின. எனினும் அதற்குள் தொழிற்சாலைகளும் அவற்றைச் சூழ்ந்த உதிரிபாகக் கூடங்களும் எழுந்துவிட்டன.

உரிமம் நீங்கியதும் அதிகாரத்தின் இடமும் மாறியது. எந்த ஊரில் தொழிற்சாலை அமையும் என்பதை அதுவரை தில்லி முடிவு செய்தது. இப்போது மாநிலங்கள் போட்டியிட்டன. தமிழ்நாடு 1995இல் ஃபோர்டுடனும் 1996இல் ஹூண்டாயுடனும் உடன்பாடு கண்டது. இவ்விரு ஆண்டுகளுக்கிடையே மாநிலத்தில் ஆட்சி மாறியது; தொழில் ஈர்க்கும் கொள்கை மாறவில்லை. நிலம், மின்சாரம், நீர், விற்பனை வரிச் சலுகை ஆகியவற்றை மாநில அரசு வழங்கியது. 1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்பூங்காக்களை அமைத்தது.

ஹூண்டாயின் சான்ட்ரோ 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஃபோர்டின் ஐகான் 1999இல் மறைமலை நகரிலிருந்து வந்தது. செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா சிட்டியில் 2007இல் பிஎம்டபிள்யூ தொகுப்பு நிலையம் திறந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் தொழிற்சாலையும் 2012இல் டெய்ம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும் தொடங்கின. வண்டலூர்–வாலாசாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–திருப்பெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. ஏரியும் வயலும் சூழ்ந்த அச்சிற்றூர், இருபது ஆண்டுகளுக்குள் உலக வரைபடத்தில் இடம்பெற்றது.

வரியும் ஒரு கருவியே. 2006ஆம் ஆண்டு நடுவண் நிதிநிலை அறிக்கை சிறிய மகிழுந்துகளுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் வரையறைகளுள் ஒன்று. அதன்பின் இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட பல வண்டிகள் நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளத்தில் அமைந்தன. ஒரு வண்டியின் பின்புறம் ஏன் குறுகியது என்னும் வினாவுக்கு விடை பொறியியல் நூலில் இல்லை. வரிச் சட்டத்தில் இருந்தது.

> தெரிந்து தெளிவோம்
> மறைமலை நகர், சென்னைக்குத் துணைநகரமாகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. பல்லாவரத்தில் வாழ்ந்து தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தோற்றுவித்த மறைமலையடிகளின் பெயரை அது தாங்குகிறது. உந்து என்னும் வேரிலிருந்து மகிழுந்து, பேருந்து, சிற்றுந்து, சரக்குந்து, மின்னுந்து எனத் தமிழ் புதுச்சொற்களை ஆக்கிக்கொண்டது. அடிகளின் பெயர் தாங்கிய ஊரிலேயே மகிழுந்துகள் உருவானது பொருத்தமே.

ஏன் இங்கே?

சலுகை தருவதற்கு எல்லா மாநிலங்களும் அணியமாக இருந்தன. ஆயினும் உலக நிறுவனங்கள் சென்னையின் தெற்கையும் மேற்கையும் தேர்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. முதற்காரணம் துறைமுகம். சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களின் வழியாக மகிழுந்துகளைக் கப்பலேற்ற முடிந்தது.

இரண்டாவது, கல்வி. குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், நாட்டில் வேறெங்கும் அரிதாக இருந்த வானூர்திப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல் ஆகிய படிப்புகளைத் தொடங்கியது. மேனாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற நிறுவனம் இது. உலக நிறுவனங்கள் இங்கு வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, ஊர்திப் பொறியாளர்களைத் தென்சென்னை உருவாக்கத் தொடங்கிவிட்டது.

மூன்றாவதும் தலையாயதும் உதிரிபாகத் தொழில். ஒரு மகிழுந்தில் ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதியை வண்டிக்குப் பெயரிடும் நிறுவனம் செய்வதில்லை, பிறரிடமிருந்து வாங்குகிறது. 1960களில் பாடியில் சக்கரம், தடை, மின்கருவி, திருகாணி ஆகியவற்றைச் செய்யும் டி.வி.எஸ். குழும நிறுவனங்கள் எழுந்தன. கிண்டியிலும் அம்பத்தூரிலும் அரசு அமைத்த தொழிற்பேட்டைகளில் சிறு கடைசல் கூடங்கள் பெருகின. இறக்குமதியைத் தடுத்த பழைய கொள்கையே இவற்றைப் பிறப்பித்தது என்பதை மறத்தல் ஆகாது. மகிழுந்தை வளர்க்கத் தவறிய அவ்வேலி, மகிழுந்தின் உறுப்புகளை வளர்த்தது.

அளவு மட்டும் தொழிலன்று என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுவதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைத் தேர்க்கால் போன்றவன் அதியமான் என ஔவையார் புறநானூற்றில் உவமிக்கிறார். விரைவும் வேண்டும்; செம்மையும் வேண்டும் என்பதே அவ்வுவமையின் உட்பொருள். பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் தடைக்கருவிப் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் விருதை 1998இல் பெற்றது. உலகச் சந்தை நம் வாயிலுக்கு வந்த வேளையில், அதை எதிர்கொள்ளும் செம்மை இங்கே ஆயத்தமாக இருந்தது.

கொரியா தரும் ஒப்புமை

ஹூண்டாய் நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1967. வண்டலூரில் ஸ்டாண்டர்டு அப்போது ஏறத்தாழ இருபதாண்டு அனுபவத்தைப் பெற்றிருந்தது. ஹூண்டாயும் தொடக்கத்தில் ஃபோர்டின் கார்ட்டினா வண்டியைத் தொகுத்துத்தான் விற்றது. கொரிய அரசும் இறக்குமதிக்குத் தடையிட்டு உள்நாட்டு நிறுவனங்களைக் காத்தது. இருவரின் தொடக்கமும் ஒன்றுபோலவே இருந்தது.

வேறுபாடு அதன்பின் வந்தது. கொரிய அரசு தன் நிறுவனங்களுக்குக் கடனும் பாதுகாப்பும் தந்து, அதற்கு ஈடாக ஏற்றுமதியைக் கேட்டது. உள்நாட்டில் எப்படியும் விற்றுவிடும் ஒரு வண்டியை வெளிநாட்டில் விற்க வேண்டுமானால் தரமும் விலையும் உலகத்தோடு ஒத்திருக்க வேண்டும். 1975இல் ஹூண்டாய் தன் சொந்த வண்டியாகிய போனியைச் செய்தது. 1986இல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அப்போது வண்டலூர்த் தொழிற்சாலை ஓய்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் தொழிலாளர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர் என்பதற்கு, அதே பகுதியின் இளைஞர்கள் ஹூண்டாயில் செய்யும் வண்டிகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாவதே சான்று. ஆதலால் வேறுபாடு கையில் இல்லை. அக்கையை இயக்கிய கொள்கையில் இருந்தது.

மறைமலை நகர் எழுப்பும் வினா

மறைமலை நகரில் உருவான ஈகோஸ்போர்ட் வண்டி அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி ஆயிற்று. ஃபோர்டின் தாயகமாகிய நாட்டுக்கே நம் வண்டி சென்றது பெருமைக்குரியது. ஆனால் உள்நாட்டுச் சந்தையில் ஃபோர்டின் பங்கு சிறிதாகவே நின்றது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதாகக் கூறி, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 4,000 பணியாளர்கள் பாதிக்கப்படுவர் என அதுவே தெரிவித்தது. உதிரிபாகம் வழங்கிய சிறு கூடங்கள், பணியாளர் பேருந்துகள், உணவகங்கள், வாடகை வீடுகள் என அவர்களைச் சார்ந்திருந்தோர் இக்கணக்கில் சேரவில்லை. ஃபோர்டின் இரண்டாம் வெளியேற்றம் இது. இம்முறை அதை அனுப்பியது அரசன்று, சந்தை.

2024 செப்டம்பரில் அத்தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குத் தெரிவித்தது. அது நற்செய்தியே. ஆயினும் வினா எஞ்சி நிற்கிறது. பொதுமக்களின் நிலமும் வரிப்பணமும் சலுகையாகப் பெறும் நிறுவனம், வெளியேறும்போது யாருக்கு எவ்வளவு கடமைப்பட்டது? சலுகை தரும்போதே இதற்கான விடையையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லரசின் கடமையன்றோ?

வளர்ச்சியின் மறுபக்கம்

தொழிற்பூங்காக்கள் எழுந்த நிலம் வெற்று நிலமன்று. அது ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். ஆடுமாடு மேய்ந்த நிலம். நிலம் கொடுத்த குடும்பங்கள் இழப்பீடு பெற்றன. ஆனால் அந்நிலத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்தோருக்கு இழப்பீடு ஏது? அடையாறு ஊற்றெடுக்கும் ஏரிகள் பல தாம்பரத்திற்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ளன. நீர்வழிகள் குறுகி வீடுகள் பெருகிய முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வெள்ளத்தில் மகிழுந்துத் தொழிற்சாலைகளும் சில நாள்கள் இயக்கத்தை நிறுத்தின. நீரை மறந்த வளர்ச்சி, வீட்டையும் தொழிற்சாலையையும் ஒருங்கே பாதிக்கும் என்பது அன்று கண்கூடாயிற்று.

தொழிலாளர் நிலையும் எண்ணத்தக்கது. ஒரே தொகுப்பு வரிசையில் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், தொழிற்பழகுநர் என மூவகையினர் அருகருகே நிற்கின்றனர். செய்யும் வேலை ஒன்றுபோல் இருக்க, ஊதியமும் பணிப்பாதுகாப்பும் வேறுபடுகின்றன. முதலீடு எத்தனை கோடி என்று கேட்கும் நாம், அதனால் பிறந்த வேலை எத்தகையது என்றும் கேட்கப் பழக வேண்டும்.

அடுத்த திருப்பம்

2023–24ஆம் நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 49 இலட்சம் பயணியர் ஊர்திகளை உற்பத்தி செய்தது. 1980இல் ஆண்டு மகிழுந்து உற்பத்தி 50 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை என்பதை நினைத்தால் வளர்ச்சியின் அளவு விளங்கும். இப்போது இத்தொழில் மற்றொரு திருப்பத்தில் நிற்கிறது. மின்னுந்தில் உந்துருளை, எரிபொருள் குழாய், புகைபோக்கி ஆகியவற்றிற்கு வேலையில்லை; மின்கலமும் மின்னோடியும் மென்பொருளும் அங்கே முதன்மை பெறுகின்றன. அரை நூற்றாண்டாக நாம் கற்ற திறன்களில் சில பயனிழக்கும், புதியன தேவைப்படும். தமிழ்நாடு 2019இலும் 2023இலும் மின்னுந்துக் கொள்கைகளை வெளியிட்டது. தூத்துக்குடியில் வியட்நாம் நிறுவனமாகிய வின்ஃபாஸ்டின் தொழிற்சாலை 2025இல் தொடங்கியது.

இத்திருப்பத்தில் பழைய வரலாறு நமக்கு வழிகாட்டும். தொகுப்பது வேறு, படைப்பது வேறு. மின்கலத்தை இறக்குமதி செய்து வண்டியில் பூட்டுவதோடு நின்றால், 1920களின் தொகுப்பு நிலையத்திலேயே நாம் மீண்டும் நிற்போம். பாதுகாப்பு அளித்தால் அதற்கு இலக்கும் காலக்கெடுவும் வேண்டும். சலுகை அளித்தால் அதற்கு ஈடான கடமை வேண்டும். இவை வண்டலூரும் குர்கானும் மறைமலை நகரும் நமக்குத் தந்த பாடங்கள்.

தொழிற்சாலைகள் வரும், போகும். ஓர் ஊரில் இறுதிவரை தங்குவது அவ்வூர் மக்கள் கற்ற தொழில்திறன். ஸ்டாண்டர்டு ஓய்ந்த பின்னும் இத்தொழில் இங்கே தழைத்ததற்கு அத்திறனும் அதை வளர்த்த கல்விக்கூடங்களும் உதிரிபாகக் கூடங்களும் காரணம். ஆகவே கொள்கையின் வெற்றியை அளக்கும் கோல், எத்தனை நிறுவனங்கள் வந்தன என்பதன்று. அவை சென்ற பின்னும் நம்மிடம் என்ன எஞ்சும் என்பதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ இயங்கும் அல்லது மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் வரலாற்றை அங்குப் பணியாற்றியவர்களிடம் கேட்டறிந்து கட்டுரையாக்குக.
2. ‘தொழில் வளர்ச்சிக்கு வரிச்சலுகை தேவை – தேவையில்லை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. ஊர்தி தொடர்பாக நாளும் வழங்கும் பிறமொழிச் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றிற்குரிய தமிழ்ச்சொற்களை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. தொகுப்பதற்கும் படைப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஔவையார் அதியமானை எதனோடு உவமிக்கிறார்?

சிறுவினா
1. ஃபோர்டு நிறுவனத்தின் இரு வெளியேற்றங்களுக்குமான காரணங்களை ஒப்பிடுக.
2. ‘மகிழுந்தை வளர்க்கத் தவறிய அவ்வேலி, மகிழுந்தின் உறுப்புகளை வளர்த்தது’ – விளக்குக.

நெடுவினா
1. அரசின் கொள்கை ஒரு தொழிலின் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் காரணமாவதைத் தென்சென்னைப் புறநகர்ப் பகுதியின் மகிழுந்துத் தொழிலைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.